வலப்பனைக் கல் கூறும் காலக் கணக்கு

மன்னர்தம் வரலாற்றைக் கல்வெட்டுக்கள் கூறும்; ஏடுகள் கூறும்; அவை இல்லாவிடத்துப் பழங்காசும் பானையோடும் கூறும். மனிதன் தோன்றுமுன் இவ்வுலகில் நிகழ்ந்தவற்றைக் கூறுவது யாது? எழுத்தே பொறிக்கப்படாத வெறுங்கல்லே அதற்குச் சான்று. அக்கல்லை வாசிக்கும் கலையே புவிச்சரிதவியல். எல்லாக் கல்லும் ஒரே மொழியிற் பேசுவதில்லை. ஒரு கல் சிப்பியையும் சங்கையும் காட்டித் தன் கதையை வெளிப்படையாகச் சொல்லும். மற்றொன்று வாய் திறவாது நிற்கும். வாய் திறவாத கல்லையும் பேசுவிக்க வல்லதாக அறிவியல் வளர்ந்த வரலாற்றில் இலங்கைத் தீவுக்குச் சிறந்ததோர் இடம் உண்டு.

நுவரெலியா மாவட்டத்தின் கிழக்குச் சரிவில் அமைந்தது வலப்பனைப் பகுதி. இராகலை, உடப்புசல்லாவை ஆகிய குளிர்ந்த மேட்டு நிலங்களிலிருந்து மகாவலியின் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் நிலம் அது. மேலே தேயிலை, கீழே படிப்படியாய் அமைந்த நெல்வயல், இடையே குறுந்து ஓயா முதலிய ஆறுகள் பாறைகளை அறுத்துக்கொண்டு மகாவலியை நாடி ஓடும். தோட்டப் பாதைகளை அமைப்பதற்கு வெட்டிய மேட்டுச் சுவர்களில் அந்நிலத்தின் உட்புறத்தைக் காணலாம். கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி வரிவரியாய் அமைந்த பாறை, மாதுளை முத்துப் போன்ற செந்நிறக் கனிமமணிகள் பதிந்த பாறை, கருமையும் பசுமையும் கலந்து எண்ணெய் பூசியது போல் மினுங்கும் சார்னோக்கைட்டு என்னும் பாறை ஆகியன மலைநாட்டில் எங்கும் காணப்படுவன. மாத்தளை, திகண, வெலிமடை, பதுளை முதலிய இடங்களில் இவற்றோடு சலவைக்கல்லும் உண்டு. இப்பாறைகளின் தொகுதியைப் புவிச்சரிதவியலார் உயர்நிலத் தொகுதி என வழங்குவர்.

இப்பாறைகளுள் எத்துணை தேடினும் ஒரு சிப்பியோ, ஓர் எலும்போ, ஓர் இலையின் பதிவோ கிட்டாது. அக்குறைபாடு எத்தகைய இடரை விளைவிக்கும் என்பதை அறியப் புவிக்காலப் பகுப்பு உருவான முறையை நோக்குதல் வேண்டும். நீரடியிற் சேறும் மணலும் அடுக்கடுக்காய்ப் படியுமிடத்துக் கீழுள்ள அடுக்கு முந்தியது, மேலுள்ளது பிந்தியது. இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் பணியில் அளவையாளராயிருந்த வில்லியம் சிமித்து என்பார், ஒவ்வோர் அடுக்கும் தனக்கே உரிய உயிர்ச்சுவடுகளைக் கொண்டிருத்தலையும், அச்சுவடுகளைக் கொண்டே தொலைவிலுள்ள அடுக்குக்களையும் இனங்காணலாம் என்பதையும் கண்டு, 1815ஆம் ஆண்டில் அந்நாட்டின் பாறைப்படத்தை வெளியிட்டார். அவர் வழியில் வந்தோரே பழைய உயிர்க்காலம், இடை உயிர்க்காலம், புதிய உயிர்க்காலம் என்னும் பெரும்பிரிவுகளையும், அவற்றினுள் கேம்பிரியன், யுராசிக்கு, மயோசீன் முதலிய உட்பிரிவுகளையும் வகுத்தனர். எது முந்தியது, எது பிந்தியது என இப்பகுப்புக் கூறிற்று. எத்துணை ஆண்டு முந்தியது என்பதை அதனாற் கூற இயலவில்லை. உயிர்ச்சுவடே இல்லாத பாறைகளை யாது செய்வது என்பதும் தெரியவில்லை. ஆகவே அவை அனைத்தும் கேம்பிரியனுக்கு முற்பட்டன என்னும் ஒரே மூட்டையிற் கட்டி வைக்கப்பட்டன. இலங்கையின் நிலப்பரப்பிற் பத்தில் ஒன்பது பங்கு அம்மூட்டையுள் அடங்குவதே!

வலப்பனைக் கல்லின் மௌனத்துக்குக் காரணம் இரண்டு. அப்பாறைகளுட் பல ஒரு காலத்தில் ஆழமற்ற கடலடியிற் படிந்த மணலும் சேறும் சுண்ணமுமே. அவை படிந்த நாளில் உயிர்கள் நுண்ணுயிர் நிலையைக் கடக்கவில்லை. ஓடும் எலும்பும் உடைய உயிர் அன்று உலகில் எங்கணும் இல்லை. இது முதற் காரணம். பின்னர் அப்படிவுகள் இருபத்தைந்து கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு அமிழ்த்தப்பட்டு, எண்ணூறு பாகை செல்சியசையும் மிஞ்சிய வெப்பத்தில் வெந்தன. மணல் படிகப்பாராயிற்று, களிமண் செம்மணி பதிந்த பாறையாயிற்று, சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாயிற்று. பானையைச் சுட்டபின் குயவனின் களிமண்ணில் ஒட்டியிருந்த புல்லைத் தேடுதல் எத்தகையதோ, அத்தகையது இப்பாறைகளில் உயிர்ச்சுவடு தேடுதல். இது இரண்டாவது காரணம். எனினும் ஒரு குறிப்பு எஞ்சியுள்ளது. இப்பாறைகளிற் சிதறிக் காணப்படும் பென்சிற்கரிச் செதில்களின் கரியணு விகிதத்தை ஆராய்ந்தோர், அக்கரியின் ஒரு பகுதி பண்டை நுண்ணுயிர்களின் உடலினின்று வந்ததாதல் வேண்டும் எனக் கருதுவர். உருவம் அழிந்தது, கரி மாத்திரம் நின்றது.

இக்கல்லின் உறவினரை நாடுவோர் கடல் கடத்தல் வேண்டும். சென்னைக்கு அணித்தான பரங்கிமலை, பல்லாவரம் ஆகிய இடங்களிற் கிடைக்கும் கல்லுக்கே சார்னோக்கைட்டு என்னும் பெயர் முதலில் இடப்பட்டது. கல்கத்தா நகரத்தை நிறுவியவரென்று கூறப்படும் யோபு சார்னோக்கு என்பாரின் கல்லறைக் கல் அவ்வகையினதாயிருந்தமையால், தோமசு ஒல்லாந்து என்னும் புவிச்சரிதவியலார் 1893ஆம் ஆண்டில் அப்பெயரைச் சூட்டினார். தென்னிந்தியா, இலங்கை, மடகாசுகர், கிழக்கு அந்தாட்டிக்கா ஆகியவற்றில் ஒத்த பாறைகள் ஒத்த வயதினவாய் இருத்தல், இவை யாவும் கொண்டுவானா என்னும் பெருநிலத்தில் அடுத்தடுத்து இருந்தமைக்குச் சான்றாகும். அப்பெருநிலம் ஒன்றுகூடியபோது நிகழ்ந்த மோதலே வலப்பனையின் பாறைகளை ஆழத்தில் அமிழ்த்தியது.

இவற்றின் வயதை ஆண்டுக்கணக்கிற் கூறியது எவ்வாறு? விடை, கதிர்வீசும் மூலகங்களில் உள்ளது. யுரேனியம் குறித்த வேகத்தில் அழிந்து ஈயமாக மாறும். 4,470 மில்லியன் ஆண்டில், அஃதாவது நானூற்று நாற்பத்தேழு கோடி ஆண்டில், அதன் பாதி ஈயமாகிவிடும். வெப்பமோ அழுத்தமோ அவ்வேகத்தை மாற்றுவதில்லை. ஆகவே ஒரு கனிமத்தினுள் எஞ்சிய யுரேனியத்தையும் விளைந்த ஈயத்தையும் அளந்தால் அக்கனிமத்தின் வயது வெளிப்படும். இத்துறையின் முதற்படியிலேயே இலங்கைக் கல் ஒன்று அரங்கேறியது. சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனாரும் பிற்காலத்திற் கலையாராய்ச்சியால் உலகப் புகழ் பெற்றவருமான ஆனந்த குமாரசுவாமி, இளமையில் இலங்கைக் கனிய ஆய்வுப் பகுதியின் முதல் இயக்குநராயிருந்தார். அவர் கண்டெடுத்த கருநிறப் பாரக்கல் ஒன்று முதலில் வேறொரு கனிமமெனக் கருதப்பட்டது. பின்னர் 1904ஆம் ஆண்டில் டன்சுடன் என்னும் வேதியியலார் அதனைப் புதியதோர் இனமென நிறுவினார். தோரியனைட்டு என்பது அதன் பெயர்.

அமெரிக்க வேதியியலாரான போல்ட்டுவுட்டு 1907ஆம் ஆண்டில் யுரேனிய ஈயக் கணக்கால் உலகின் பல பகுதிக் கற்களுக்கு வயது கூறியபோது, அவருடைய அட்டவணையில் மிகவும் முதியதாய் நின்றது சபரகமுவ மாகாணத்துத் தோரியனைட்டேயாகும். அதற்கு அவர் இட்ட வயது 2,200 மில்லியன் ஆண்டு. பூமிக்கு நூறு மில்லியன் ஆண்டு அளிக்கவும் பெரிதும் தயங்கிய அக்கால அறிஞருக்கு அவ்வெண் பெருவியப்பைத் தந்திருத்தல் வேண்டும். ஆயின் அது பிழைபட்ட எண். உண்மை வயதினும் ஏறக்குறைய நான்கு மடங்கு மிகுதியானது. அக்கல்லில் யுரேனியத்தினும் தோரியமே பன்மடங்கு மிகுந்திருந்தது. தோரியமும் அழிந்து ஈயமாகும் என்பது அன்று நிறுவப்படவில்லை. தோரியம் ஈன்ற ஈயத்தையும் யுரேனியத்தின் கணக்கில் எழுதியமையாலேயே வயது பெருகிற்று.

அப்பிழையைத் தீர்க்க உதவியதும் இலங்கைக் கல்லே. பிரெடரிக்கு சொடி என்னும் அறிஞர் 1914ஆம் ஆண்டளவில் இலங்கைத் தோரைட்டினின்று பிரித்த ஈயம் பொது ஈயத்தினும் அணுநிறை மிக்கதாயிருத்தலைக் கண்டார். யுரேனியத்தினின்று வரும் ஈயமோ பொது ஈயத்தினும் அணுநிறை குறைந்தது. வேதியியற் பண்பில் ஒன்றாய் நின்று நிறையில் வேறுபடும் அணுக்கள் உண்டு என்னும் கொள்கைக்கு அது வலிய சான்றாயிற்று. சமதானிகள் எனப்படும் அவ்வணுக்களைப் பற்றிய ஆய்வு சொடியாருக்கு 1921ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றுத் தந்தது. ஒவ்வொரு தாயின் பிள்ளையையும் தனித்தனியே இனங்காணத் தெரிந்த பின்னரே கல்லின் கடிகாரம் நம்பத்தக்கதாயிற்று. அவ்வழியே சென்று கிளேயர் பாற்றர்சன் 1956ஆம் ஆண்டில், விண்கற்களின் ஈயத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 4,550 மில்லியன் ஆண்டு என முடிவு கூறினார். இன்று கொள்ளப்படும் 4,540 மில்லியன் என்பது அதனின்று பெரிதும் வேறுபட்டதன்று.

இக்காலத்தில் இப்பணிக்கு மிகவும் பயன்படுவது சிர்க்கன் என்னும் சிறு மணியாகும். மாத்தறை வைரம் என நகை வணிகர் வழங்கியது இதனையே. சிர்க்கன் பளிங்காய் உருவாகும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும். ஈயத்தைப் பெரும்பாலும் ஏற்காது. ஆகவே அதனுள் இன்று காணப்படும் ஈயத்தின் பெரும்பகுதி அதனுள்ளேயே பிறந்ததாகும். இலங்கையின் மணிக்கல் தரமான சிர்க்கன்கள் வயதில் ஒருசீரானவை. அதனால் அவற்றுட் சில பிறநாட்டு ஆய்வுகூடங்களில் ஏனைய கற்களை ஒப்பிட்டு அளக்கும் தரக்கற்களாய்ப் பயன்பட்டுள்ளன, எம்.257 என்னும் குறியீடு பெற்ற 561 மில்லியன் ஆண்டு வயதுடைய மணி அவற்றுள் ஒன்று. உலகின் கடிகாரங்களுக்கு நேரம் திருத்திக் கொடுக்கும் பணியை இத்தீவின் மணிகள் செய்தமை அறிந்து மகிழத்தக்கது.

மலைநாட்டுப் பாறைகளின் சிர்க்கன் மணிகளை இலங்கை, ஜெர்மனி ஆகிய நாடுகளின் ஆய்வாளர் 1980களிலிருந்து ஆராய்ந்தனர். சில மணிகளின் உட்கருக்கள் 2,400 முதல் 3,200 மில்லியன் ஆண்டு பழமையானவை. அவை வேறெங்கோ இருந்து தேய்ந்து மறைந்த இன்னும் பழைய மலைகளினின்று ஆற்றோடு வந்த மணல். அம்மணல் கடலடியிற் படிந்தது ஏறத்தாழ 2,000 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பும் அதன் பின்பும். அது வெந்து இன்றைய பாறையானது 610 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். ஒரே மணியினுள் மூன்று வரலாறுகள் பொதிந்துள்ளன. எழுத்தில்லை எனப்பட்ட கல்லிலும் நுண்ணிய எழுத்து இருந்தது. வாசிக்கும் கண்ணே இல்லாதிருந்தது.

இவ்வெண்களை வாயாற் கூறுதல் எளிது. மனத்தால் உணர்தல் அரிது. கொழும்புக் கோட்டையிலிருந்து மலையேறிப் பதுளையைச் சேரும் இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். பூமியின் முழு ஆயுளையும் அப்பாதையில் விரித்துப் பார்க்கலாம். கோட்டை நிலையத்திற் பூமி பிறக்கின்றது. பதுளை நிலையம் இன்றைய நாள். ஒவ்வொரு கிலோமீற்றரும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஆண்டு.

வண்டி பொல்கஹவெலையை அடையும் அளவில், மேற்கு அவுஸ்திரேலியாவின் பாறைகளில் இன்று காணப்படும் நுண்ணுயிர்ப் படலங்கள் தோன்றுகின்றன. உயிருக்கு உறுதியான பழஞ்சான்று அவையே. நாவலப்பிட்டியை நெருங்கும்போது, ஒளியைக் கொண்டு உணவு சமைக்கக் கற்ற நுண்ணுயிர்கள் உமிழ்ந்த ஒட்சிசன் காற்றிற் சேரத் தொடங்குகின்றது. நாவலப்பிட்டிக்கும் ஹற்றனுக்கும் இடையே வலப்பனை மலையின் மணல் கடலடியிற் படியத் தொடங்குகின்றது. தலவாக்கலை அளவிற் கருவுடைய உயிரணு உண்டாகின்றது. நானுஓயாவிலும் பட்டிப்பொலையிலும் இறங்கிப் பார்ப்பவனுக்குக் கண்ணாற் காணத்தக்க விலங்கு ஒன்றேனும் தென்படாது. பயணத்தின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. உலகம் இன்னும் நுண்ணுயிர்களுடையதே.

தியத்தலாவையைக் கடந்து பண்டாரவளையை நெருங்கும் பொழுதிலேயே பெருநிகழ்ச்சி இரண்டு ஒருங்கே நிகழ்கின்றன. கடலில் மெல்லுடல் விலங்குகள் பரவி, அடுத்து ஓடும் காலும் கண்ணும் உடைய விலங்குகள் பெருகுகின்றன. இதுவே 539 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலம். அதே பொழுதில், நிலத்தின் ஆழத்தில், வலப்பனையின் பாறைகள் வெந்து முடிந்து மெல்ல ஆறத் தொடங்குகின்றன. விலங்குலகம் கண் விழித்த நாளில் இம்மலையின் கல் உலையிற் கிடந்தது. அது உயிரின் கதையைக் கூறாமைக்கு இதனினும் விளக்கமான காரணம் வேறு வேண்டுவதில்லை. பதுளைக்குப் பதினைந்து கிலோமீற்றர் இருக்கையில் தைனோசோர்கள் தோன்றுகின்றன. நான்கு கிலோமீற்றர் இருக்கையில் மறைகின்றன. மனித இனத்தின் மூன்று இலட்சம் ஆண்டும் இறுதிப் பத்தொன்பது மீற்றரில் அடங்கும். யேம்சு தெயிலர் 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் தேயிலை நட்டதிலிருந்து இன்றுவரை சென்ற காலமோ ஒரேயொரு சதமமீற்றர். ஒரு விரலின் அகலமும் முழுமையாய் இல்லை.

பண்டாரவளைக்குப் பிற்பட்ட கதையை மலைநாடு கூறாது விட்டது. எனினும் இலங்கையின் பிற பகுதிகளும் அண்டைநிலமும் அதனைத் துண்டு துண்டாய்க் கூறுகின்றன. புத்தளத்துக்கு அணித்தான தப்போவையிலும், ஆண்டிகமையிலும் யுராசிக்குக் காலத்துப் பன்னங்களும் சைக்கசு போன்ற செடிகளும் சேற்றுக்கல்லிற் பதிந்துள்ளன. வேலந்து என்பார் சேகரித்த அவற்றைச் சுவாட்டு, ஒல்ற்றம் என்னும் தாவரவியலார் 1922ஆம் ஆண்டில் விளக்கினர். அக்காலத்தில் இலங்கை இன்னும் கொண்டுவானாவின் ஓர் உறுப்பே. அடுத்து வந்த கிரேத்தேசியசுக் காலத்தின் கடலைக் காண விழைவோர் தமிழ்நாட்டின் அரியலூருக்குச் செல்லுதல் வேண்டும். அங்கே கடலுயிர்களின் சுருட்சங்குகள் சுண்ணாம்புக்கல்லில் நிறைந்து கிடக்கின்றன.

யாழ்ப்பாணத்தார்க்கோ நெடுந்தொலைவு செல்லும் தேவையில்லை. கிணறு வெட்டும்போது வெளிப்படும் சுண்ணாம்புக்கல்லே மயோசீன் காலத்துக் கடலின் படிவு. சிப்பியும் முருகைக்கல்லும் நுண்ணிய ஓட்டுயிர்களும் சேர்ந்து அமைந்தது. பயணக் கணக்கில் அது பதுளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவு. வலப்பனைக் கல்லையும் யாழ்ப்பாணக் கல்லையும் ஒருசேரக் கையில் ஏந்துவோன், ஒரு கையில் உயிர்ச்சுவடு ஏதுமற்ற கல்லையும் மறு கையில் உயிரின் எச்சத்தாலேயே ஆன கல்லையும் ஏந்துகின்றான். இரண்டும் ஒரே தீவின் கற்கள்.

இறுதி மீற்றர்களின் கதை இரத்தினபுரியின் மாணிக்கக் குழிகளில் உள்ளது. மணி தேடுவோர் வாரும் பரற்படையில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் பல்லும் எலும்பும் கிடைத்தன, பி.இ.பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். இன்று அவை மூன்றும் இத்தீவின் காடுகளில் இல்லை. பாகியன் குகையில் ஏறத்தாழ நாற்பத்தெண்ணாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் வாழ்ந்த தடயம் கிடைத்துள்ளது. ஓட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் இருபதினாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட மகரந்தம் அடுக்கடுக்காய்ப் படிந்து, மழையும் வறட்சியும் மாறி மாறி வந்தமையைக் காட்டுகின்றது. மலைநாடும் ஈற்றில் வாய் திறந்தது. கல்லால் அன்று, மண்ணால்.

அம்மண்ணே இக்கணக்கின் பயனை உணர்த்துவது. பாறைக்கு மேலிருந்த கிலோமீற்றர் கணக்கான சுமையைக் காலமும் மழையும் அரித்து நீக்கியமையாலேயே ஆழத்திற் கிடந்த கல் இன்று மலையாய் நிற்கின்றது. ஆயின் அவ்வரிப்பு மிக மெல்ல நிகழ்ந்தது; மண்ணும் அதே வேகத்தில் விளைந்தது. மகாவலியின் மேற்பகுதி ஆறுகளின் மணலில் பெரிலியம் பத்து என்னும் கதிர்வீசும் அணுவை அளந்து, திலக் ஹேவாவசம் முதலிய ஆய்வாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, இயற்கை அரிப்பு ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரேயாகும். ஒரு மீற்றர் மண் உண்டாக ஓர் இலட்சம் ஆண்டளவு செல்லும் என்பது இதனாற் பெறப்படும். பயிர் செய்யப்படும் சரிவுகளிலோ மண் உண்டாகும் வேகத்தினும் பத்து முதல் நூறு மடங்கு விரைவாய் இழக்கப்படுகின்றது. காப்பிக்காகவும் தேயிலைக்காகவும் காடு அழிந்த ஒரு சதமமீற்றர்க் காலத்தில் நிகழ்ந்தது இது.

சரிவு செங்குத்தாகவும் மேல்மண் ஆழமாகவும் உள்ளவிடத்து, மழைநீர் உட்புகுந்து மண்ணின் பிடிப்பைத் தளர்த்தும். வலப்பனைச் சரிவு வடகீழ்ப் பருவக்காற்றை எதிர்கொண்டு நிற்பது. 2007ஆம் ஆண்டு ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் நேர்ந்த மண்சரிவுகளில் உயிர்கள் பல மாண்டன. நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவற்றை மண்சரிவின் முன்னறிகுறிகள் என அறிவுறுத்துவர். சரிவின் அடியிலும் விளிம்பிலும் லயங்களில் வாழும் குடும்பத்துக்குப் புவிச்சரிதவியல் என்பது ஏட்டுக் கல்வியன்று. கனமழை இரவில் வீட்டினுள் தங்குவதா, வெளியேறுவதா என்னும் வினாவுக்கு விடையாகும். குறுக்குக் கான், கல்லணை, மூடுபயிர், சரிவின் உச்சியிற் காடு ஆகியன அவ்விடையின் மற்றைப் பகுதி.

தோரியனைட்டைப் பற்றிய பழைய பிழை ஒரு படிப்பினையைத் தருகின்றது. கல் பொய் கூறவில்லை. கணக்கெடுத்தோர் ஒரு தாயின் பிள்ளையை மற்றொரு தாய்க்கு உரியதாக்கினர். பிழை அறியப்பட்டதும் கணக்குத் திருத்தப்பட்டது. மண்ணின் கணக்கோ திருத்தத்துக்குக் காத்திராது. இரண்டாயிரம் மில்லியன் ஆண்டு மணலாய்ப் பிறந்து, உலையில் வெந்து, மலையாய் எழுந்து, மழையில் இளகி மண்ணாகிய ஒன்று, ஒரு பருவமழையில் மகாவலியிற் சேர்ந்துவிடும். அதனை மீண்டும் உண்டாக்க எந்த அரசாலும் எந்த அறிவாலும் இயலாது. காலம் ஒன்றாலேயே இயலும். அக்காலத்தின் நீளம் இன்னதென அறிந்த தலைமுறை, ஒரு பிடி மண்ணை முன்னிருந்தோர் நோக்கியவாறு நோக்குதல் இயலாது.